நிறுத்தினாலும் நிற்காத தண்ணீர்

அந்தத் தீயணைப்பு லாரியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் வெல்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராமல் என்ன செய்யும்? ஏலத்தில் வந்த பழைய சரக்கு லாரியின் முதுகில் ஆறாயிரம் லிட்டர் தொட்டியைத் தன் கையாலேயே கட்டி ஏற்றியவர் அவர். பண்ணைகளும் மரக்காடுகளும் நிறைந்த அந்தப் பக்கத்தில், தீப்பிடித்தால் குழாயைத் தேடிப் பயனில்லை, தண்ணீரைக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். போன இடத்தில் ஒரு மடக்குத் தொட்டியைத் தரையில் விரித்து, லாரியின் பின்பக்க வால்வைத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்த நடைக்கு ஏரிக்கு ஓட வேண்டும். பதினோரு வருஷமாக லாரி இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் சொன்னதில்லை.

பிறகு அவருடைய மச்சினி அதற்கு டிரைவராக வந்து சேர்ந்தாள்.

மனைவியின் தங்கை. ஒன்பது வருஷம் பஸ் ஓட்டிப் பழகியவள். சேர்ந்த முதல் வாரமே லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அத்தானிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். இடது கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். தண்ணீர் அளவு காட்டும் குழாய் எப்போது பார்த்தாலும் முக்கால் என்றே காட்டும். ஸ்பேனரால் தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் உண்மையைச் சொல்லும். ஹோஸ் வைக்கும் தட்டை வெல்டர் தன் உயரத்துக்குப் பொருத்திவிட்டதால் மற்ற எல்லோரும் டிரம் போட்டு ஏற வேண்டியிருந்தது. பின்பக்க வால்வோ, மூடுகிற பக்கம் திருப்பினால் திறக்கும்.

வைப்பரும் சைரனும் ஒரே ஃபியூஸில் இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் நின்றுவிடுகின்றன என்று அவள் சொன்னபோது, வெல்டர் அசரவே இல்லை.

"மழை பெய்யும்போது தீ எங்க எரியப் போகுது?" என்றார்.

இப்படி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அவரைக் குத்திவிட்டது. தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது பிரேக் போட்டால் லாரி நிற்கிறது, நின்ற பிறகு இன்னொரு அடி போகிறது என்றாள் அவள். தண்ணீர் முன்னால் அலைந்து வந்து இடிக்கிறதாம். அப்படி அலையாமல் இருக்கத்தான் தொட்டிக்குள் குறுக்கே ஐந்து தடுப்புத் தகடுகள் வைத்திருப்பதாக வெல்டர் மார்தட்டிச் சொன்னார். குறை லாரியில் இல்லை, பஸ் ஓட்டிய காலில்தான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பஸ்ல பிரேக் போட்டா ஆளுங்க கம்பியைப் பிடிச்சுக்குவாங்க அத்தான்," என்றாள் மச்சினி. "உங்க தண்ணி எதைப் பிடிச்சுக்கும்? அஞ்சு தகடு இருக்கிற வண்டி மாதிரி இல்ல. பின்னாடி எங்கேயோ ஒண்ணு காணோம்."

ஊர்க்காரர்களே நடத்தும் தீயணைப்புக் குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். இரண்டு வாரம் இந்த வழக்கைக் கேட்டுச் சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியை வடித்துவிட்டு வெல்டரே உள்ளே இறங்கி எண்ணிப் பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை பேக்கரிக்காரன், தபால்காரர் என்று குழுவில் பாதிப்பேர் ஷெட்டில் ஆஜர். தொட்டி மேல்மூடியைத் திறந்து, ஒரு மணி நேரம் ஃபேன் வைத்துக் காற்று விட்டார்கள். வாத்தியார் தானே வந்து வெல்டரின் தோளில் கயிறு கட்டினார். மூடியின் வாய் வட்டமானது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெல்டர் அதன் வழியே ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கியிருக்கிறார். இப்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஒருக்களித்து, தொப்பையைத் தவணை முறையில் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

உள்ளே துருவும் பாசியும் கலந்த வாடை. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஆள் நுழைய அவர் விட்டிருந்த ஓட்டை வழியே தவழ்ந்து, டார்ச் வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டே போனார். ஒன்று. இரண்டு. மூன்று. வெல்டிங் இன்றைக்கும் மணிமணியாக நின்றது. நான்கு. அதற்குப் பிறகு டார்ச் வெளிச்சம் எதிலும் தடுக்காமல் நேரே கடைசிச் சுவர் வரை போய் நின்றது.

இடையில், ஐந்தாவது தகடு உட்கார வேண்டிய இடத்தில், அதைத் தாங்கும் இரும்புத் துண்டுகள் மட்டும் வரிசையாக ஒட்டியிருந்தன.

வெல்டருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்தத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை என்றார்கள். முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியவர், நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து, தூக்கம் இல்லாத கண்ணோடு தொட்டியின் பின்பக்கத்தை மூடிப் பற்றவைத்துவிட்டார்.

தப்பு தப்புதான். ஆனால் வெளியே மச்சினி நிற்கிறாள். அவளோடு பேக்கரிக்காரன், தபால்காரர், வாத்தியார், எல்லோரும் நிற்கிறார்கள். அவரைத் தவிர இங்கே வந்து எண்ணிப் பார்க்கப் போகிறவர் யார்?

"எண்ணியாச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"அஞ்சும் இருக்கு," என்றார் வெல்டர். தொட்டி அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது.

அப்படியானால் ஒவ்வொரு தகட்டையும் ஸ்பேனரால் தட்டிக் காட்டச் சொன்னாள் அவள். வெல்டர் முன்னுக்குத் தவழ்ந்து போய், ஒன்றிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நாலாவதைத் தட்டினார். கொஞ்சம் பொறுத்து, அதையே இன்னொரு தடவை தட்டினார். வெளியே மச்சினி தொட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

"அஞ்சாவது தகடு நாலாவதுக்குள்ளயே குடியிருக்கு போல," என்றாள்.

எதிரொலி என்று வெல்டர் விளக்கத் தொடங்கினார். அதற்குள் வாத்தியாரின் போன் அடித்தது. மர அறுவை ஆலைக்குப் பின்னால் காய்ந்த புல் பற்றிக்கொண்டது, காற்று ஆலைப் பக்கம்தான் அடிக்கிறது என்றார்கள். பம்ப் இருந்த சின்ன வேனில் பேக்கரிக்காரனும் இன்னும் இரண்டு பேரும் உடனே கிளம்பினார்கள். லாரி போக வேண்டுமானால் தொட்டியை நிரப்ப வேண்டும். தொட்டியை நிரப்ப வேண்டுமானால் வெல்டர் வெளியே வர வேண்டும்.

வெல்டர் கைகளைத் தூக்கினார், எம்பினார், மார்பு வரை வந்தார். அதோடு சரி. தபால்காரர் ஒரு கையையும் வாத்தியார் ஒரு கையையும் பிடித்து இழுத்தும் தொப்பை அசைந்து கொடுக்கவில்லை. மச்சினி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சுற்றிலும் ஊற்றினாள். அப்புறம் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"மூச்சை முழுசா வெளிய விடுங்க அத்தான். அந்த அஞ்சாவது தகடையும் சேர்த்து விட்டுடுங்க."

வெல்டர் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். "நாலுதான் இருக்கு," என்றார், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து. அந்த நொடியில் ஒரே இழுப்பில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள்.

யாருக்கும் சிரிக்க நேரம் இல்லை. பத்து நிமிஷத்தில் தொட்டி நிறைந்தது. வேறு யாரும் ஏறுவதற்குள், சோப்பு நுரையோடு வெல்டரே மச்சினியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவர்கள் போனபோது நெருப்பு மரக்கட்டை அடுக்குக்கு நாற்பது அடி தூரத்தில் இருந்தது. மடக்குத் தொட்டியை விரித்தார்கள். பேக்கரிக்காரன் வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மூடுகிற பக்கம் திருப்பச் சொல்லி இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். முக்கால் மணி நேரத்தில் புல் கருகிப் புகைந்து அடங்கியது. ஆலைக்கு ஒரு சேதமும் இல்லை. தொட்டியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

திரும்பும்போது மச்சினி சாவியை அவரிடம் நீட்டினாள். வெல்டர் வாங்கிக்கொண்டார். சரிவில் இறங்கி நாற்சந்தி வந்ததும், குறுக்கே ஒரு டிராக்டர் போவதைப் பார்த்து பிரேக் போட்டார். லாரி சமர்த்தாக நின்றது. அவர் மூச்சுவிட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்தது. யானை நெற்றியால் தள்ளியது போல லாரி ஓர் அடி முன்னே போய், டிராக்டரின் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

மச்சினி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் அவள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று வெல்டருக்குப் பட்டது.

"இத்தனை நாளா இதை எப்படி ஓட்டினே?" என்று கேட்டார்.

"முதல்ல நான் நிப்பேன், அப்புறம் தண்ணி நிக்கும். அதுக்கும் சேர்த்து முன்னாடியே பிரேக்கை மிதிப்பேன்."

பஸ் ஓட்டிய கால் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வெல்டருக்கு வாய் வரவில்லை. மறுநாள் இடது கதவின் கைப்பிடியைக் கழற்றிச் சரிசெய்து வைத்தார். அவளுக்கு அது புரிந்தது.

காணாமல்போன தகடு எங்கே போயிருக்கும் என்று வீட்டில் அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அவர் மனைவி வாசல்பக்கம் கையைக் காட்டினாள்.

"நடுவுல ஓட்டை போட்ட தகடுதானே? கோழிக்கூட்டு மேல கிடக்குது. வேலையில மிச்சமானதுன்னு நீங்கதானே கொண்டுவந்து போட்டீங்க?"

அடுத்த ஞாயிறு கோழிகளுக்குத் தகரக் கூரை வந்தது. முழுத் தகடு மூடி வழியே போகாது என்பதால் நாலாக வெட்டி உள்ளே இறக்கினார்கள். பின்னாலேயே வெல்டரும் இறங்கினார். அந்த வாரம் முழுக்க அரை வயிறுதான் சாப்பிட்டிருந்தார். மாலைக்குள் வேலை முடிந்தது. பாதித் தண்ணீரோடு மச்சினி நாற்சந்தி வரை ஓட்டிப் பார்த்தாள். லாரி நின்ற இடத்தில் நின்றது.

இந்தக் கதையைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டவள் வெல்டரின் மகள்தான். தான் பிறந்த அவசரத்தில் ஒரு லாரி பதினோரு வருஷம் குலுங்கியது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வெல்டர் மறுக்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.