ரத்து செய்ய முடியாத பயணம்

பிரிந்துவிடுவது என்று நானும் ஃபோல்கரும் பிப்ரவரியில் முடிவெடுத்தோம். ஜெர்மனியின் வேசர் ஆற்றோரமாக ஒரு வாரம் சைக்கிளில் போவது என்பது ஜனவரியிலேயே முடிவாகியிருந்தது. விடுதி அறைகளை ரத்து செய்ய ஒரு கடைசி நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாள் கழிந்து அடுத்த நாள் காலையில்தான், சமையலறை மேசையில் உட்கார்ந்து, இனிச் சேர்ந்து வாழ வேண்டாம் என்று பேசி முடித்தோம்.

"ஒரு நாள் முன்னாடியே பேசியிருக்கலாம்" என்றான் ஃபோல்கர். அவன் உண்மையாக வருத்தப்பட்டு நான் பார்த்த சில தருணங்களில் அது ஒன்று.

ஆகவே ஜூனில் கிளம்பினோம். இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. "ரத்து பண்ண முடியாதுன்னா போய்த்தானே ஆகணும்" என்றாள் என் தங்கை. "முதுகு வலிக்கு மறக்காம களிம்பு எடுத்துக்கோ, இம்கே."

எங்களுடையது இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள். முன் சீட்டில் ஃபோல்கர். திருப்புவது, பிரேக் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் அவன். பின் சீட்டில் நான். எனக்கும் ஒரு ஹேண்டில்பார் உண்டு. அது திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும். மிதிப்பதும் வரைபடம் பார்ப்பதும் திருப்பங்களில் கை காட்டுவதும் என் பொறுப்பு. எங்கள் கல்யாணமும் இதே ஏற்பாட்டில்தான் ஓடியது என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. வீட்டில் எனக்குக் கை காட்டும் வேலைகூடக் கிடையாது.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. ஆறு இடப்பக்கம், காடு வலப்பக்கம், ஃபோல்கரின் முதுகு நேர் எதிரே. மதியம் எங்காவது வெள்ளை அஸ்பராகஸ் தண்டும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். மாலையில் விடுதிகளில் இரட்டைக் கட்டில்தான். ஆனால் ஆளுக்கொரு மெத்தை, ஆளுக்கொரு போர்வை. சேர்ந்திருப்பவர்களுக்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள். பிரிந்தவர்களுக்கும் அது வசதியாக இருக்கிறது. நாங்கள் சண்டை போடவில்லை. சண்டை போடும் அளவுக்கு எங்களுக்குள் ஏதாவது மிச்சமிருந்தால்தானே.

சனிக்கிழமை காலை உணவின்போது என் போன் அடித்தது. கோட்டிங்கனிலிருந்து திருமதி வீகாண்ட்.

"வீடு பார்க்கக் கேட்டிருந்தீங்களே, இன்னிக்கு சாயங்காலம் ஏழரைக்கு வாங்க. ஏழரைன்னா ஏழரை. எட்டு மணிக்கு இன்னொருத்தர் வர்றாங்க. உங்களைப் பிடிச்சிருந்தா உங்களுக்கு, இல்லேன்னா அவங்களுக்கு."

கோட்டிங்கனில் வீடு தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊர் முழுக்க மாணவர்கள். அங்கே புருஷன்கூடக் கிடைப்பான், வீடு கிடைக்காது. பிப்ரவரியிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுக்காரர்கூட நேரில் வரச் சொல்லவில்லை. அதுவரை ஃபோல்கரின் வீட்டில், துணி தேய்க்கும் மேசை இருக்கும் அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். இந்த வீடும் போனால் குளிர்காலமும் அந்த மேசையோடுதான். எனக்கு ஐம்பத்தாறு வயது. என் பெயர் மட்டும் எழுதிய அழைப்பு மணி ஒன்று என் வாசலில் வேண்டும் என்று எனக்குப் பைத்தியமாக இருந்தது.

ஃபோல்கர் முட்டையின் தலையைக் கத்தியால் சீவிவிட்டு வரைபடத்தைப் பார்த்தான்.

"ஸ்டேஷன் அக்கரையில இருக்கு. கடைசிப் படகு ஆறு மணிக்கு. அதைப் பிடிச்சா ரயிலைப் பிடிக்கலாம். நாம அஞ்சரைக்கே படகுத்துறையில இருப்போம்."

அவன் கணக்கு தப்பாது. ஆனால் மதியத்துக்குப் பிறகு ஆற்றோரப் பாதையை மூடியிருந்தார்கள். கரை சரிந்துவிட்டதாம். மஞ்சள் பலகை எங்களை ஸோலிங் காட்டுக்குள் திருப்பிவிட்டது. பீச் மரங்களுக்கு நடுவே மேலும் கீழுமாக ஒரு தார் ரோடு. ஏறி, ஏறி, மூச்சு வாங்கி, உச்சிக்கு வந்தால் எதிரே ஒரு தற்காலிக சிக்னல். சிவப்பு.

ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு வண்டிதான் போக முடியும். சனிக்கிழமை என்பதால் வேலையாட்கள் யாருமில்லை. சிக்னல் மட்டும் டியூட்டியில் இருந்தது. தோண்டிய பகுதி அவ்வளவு நீளமில்லை, மறுமுனை இங்கிருந்தே தெரிந்தது. அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

ஃபோல்கர் பிரேக் பிடித்து, நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமாகச் சரியாக நிறுத்தி, ஒரு காலை ஊன்றினான். நானும் ஊன்றினேன். காத்திருந்தோம்.

காத்திருந்தோம் என்றால், நிஜமாகவே காத்திருந்தோம். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஒரு மரங்கொத்தி எங்கோ கொத்தியது, நிறுத்தியது, மறுபடி கொத்தியது.

"இது கெட்டுப்போயிருக்கு" என்றேன்.

"இருக்கலாம்" என்றான்.

"அப்போ போகலாமே."

"சிவப்பு எரியுதே."

பின்னாலிருந்து மோட்டார் வைத்த சைக்கிள்களில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். எழுபது வயதிருக்கும். இருவருக்கும் ஒரே மஞ்சள் ஜாக்கெட், ஒரே ஹெல்மெட். கணவர் வண்டியை நிறுத்திவிட்டு சிக்னலை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தரையில கம்பி பதிச்சிருப்பாங்க. கார் வந்து நின்னாத்தான் இதுக்குத் தெரியும். சைக்கிளைக் கண்டுக்காது" என்றார்.

"இந்த ரோட்ல கார் வருமா?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை பால் வண்டி வரும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தகவலாகத்தான் சொன்னார்.

"இறங்கித் தள்ளிக்கிட்டுப் போனா நடந்து போறவங்க கணக்குத்தானே?" என்றேன்.

அவர் மனைவி ஓரத்திலிருந்த சின்னப் பலகையை விரலால் காட்டினார். நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று அதில் போட்டிருந்தது. "அதுவும் யோசிச்சு வெச்சிருக்காங்க" என்றார் திருப்தியாக. "எப்படியும் சிவப்புல போகக் கூடாதுங்க. குழந்தைங்க பார்த்தா என்ன ஆகும்?"

நான் சுற்றிப் பார்த்தேன். மரங்கள் இருந்தன.

பிறகு அந்தத் தம்பதி டப்பாவைத் திறந்து, ஈரல் பேஸ்ட் தடவிய ரொட்டியும் நறுக்கிய ஆப்பிளும் எடுத்து, எங்களுக்கும் நீட்டினார்கள். ஃபோல்கர் ஒரு ஆப்பிள் துண்டை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். நான் வாங்கவில்லை. ஐந்தரை தாண்டிவிட்டது. என் வீடு காட்டின் அந்தப் பக்கம், ஆற்றின் அந்தப் பக்கம், கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் ஃபோல்கரின் முதுகைப் பார்த்தபடி நின்றேன்.

இந்த முதுகை நான் ஒருமுறை காருக்குள் பார்த்திருக்கிறேன். அம்மா போகிற நிலையில் இருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த காலை அது. விடியவில்லை, தெருவில் ஒரு ஆள் இல்லை. நான் பின் சீட்டில், அம்மாவுக்குப் பிடித்த சால்வையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு சிவப்பிலும் நின்றான். ஒவ்வொன்றிலும். நான் கத்தினேன், அழுதேன். "உடனே பச்சை வந்துடும்" என்றான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் அம்மாவின் அறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். உயிர் போனதும், அது வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பது இங்கே வழக்கம். கீழே எங்கள் கார் பார்க்கிங் கோடுகளுக்கு நடுவில் கச்சிதமாக நின்றது. அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. நான் மன்னிக்கவும் இல்லை. பிப்ரவரியில் சமையலறை மேசையில் வேறு ஏதேதோ காரணங்களைச் சொன்னேன்.

"ஃபோல்கர், மணி என்னன்னு பார்த்தியா?" என்றேன்.

பார்த்தான். ஆப்பிள் துண்டை மென்று முடித்தான். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்து, அதை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு திரும்பி அந்தத் தம்பதியிடம், "மன்னிக்கணும், நாங்க கிளம்பறோம்" என்றான்.

"சிவப்பு எரியுதே!" என்றார் அந்த அம்மாள்.

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவன் பெடலை அழுத்தினான். எனக்குக் கால் ஓடவில்லை; பெடல்தான் என் காலை இழுத்துக்கொண்டு போனது. கோட்டைத் தாண்டினோம். சிக்னலைத் தாண்டினோம். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன, கழுத்தில் வியர்வை ஓடியது. தோண்டிய பள்ளத்தில் இரண்டு கூம்புகளும் ஒரு மண்வெட்டியும் கிடந்தன, வேறு ஒன்றுமில்லை. பின்னால் அந்த அம்மாளின் குரல் கேட்டது: "போட்டோ எடுங்க, ஹெல்முட், போட்டோ எடுங்க!"

அதற்குப் பிறகு படகுத்துறை வரை இறக்கம். ஃபோல்கர் ஒரு இடத்திலும் பிரேக் தொடவில்லை. அவன் பின்னால் உட்கார்ந்து இவ்வளவு வேகமாக நான் போனதே கிடையாது. பயத்தில் அந்தத் திரும்பாத ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படகுக்காரர் படகின் வாசல் சங்கிலியைக் கோர்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து அவிழ்த்தார். "ஓடி வரணும்னு இல்லைங்க, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்றார்.

அந்தப் படகுக்கு மோட்டார் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் தள்ளுகிற வேகத்தில்தான் போகும். சத்தமே இல்லை. சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"பால்கனி இருக்கா அந்த வீட்ல?" என்று கேட்டான்.

"இருக்கு. சின்னது."

"வெயில் வருமா?"

"காலைல வருமாம்."

"நல்லது. உனக்குக் காலை வெயில் பிடிக்கும்." பின் சீட்டைக் கையால் துடைத்தான். "சைக்கிள் வைக்க இடம்?"

"ஒரு சைக்கிளுக்கு இருக்கு. சாதாரண சைக்கிளுக்கு."

தலையாட்டினான். அக்கரை நெருங்கியபோது, தண்ணீரைப் பார்த்தபடியே, "அன்னிக்கே நிக்காம போயிருக்கணும் நான்" என்றான்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. எத்தனையோ வருடம் இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வந்தது, நான் அவனை விட்டுப் போவதற்கு நேரமாகிவிடக் கூடாது என்று அவன் செய்த காரியத்தோடு சேர்ந்து வந்தது. எனக்கு அவன்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. கோபமும் பொங்கியது, ஏனென்றால் அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. போக வேண்டாம் என்று அவன் சொல்வானா என்று பார்த்தேன். போகவில்லை என்று நான் சொல்கிறேனா என்றும் பார்த்தேன். படகு கரையில் இடித்து நின்றது.

ஸ்டேஷனில் என் பையைக் கழற்றிக் கொடுத்தான். மீதி இரண்டு இரவுகளுக்கான அறைகளில் அவன் தங்கிவிட்டு வருவதாகச் சொன்னான். ரத்து செய்ய முடியாதல்லவா. இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். பிறகு அது சரியாக இல்லை என்று தோன்றியது, கட்டிக்கொண்டோம். அவன் சட்டை நனைந்திருந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிடைத்தது. ஏழரைக்கு மணி அடித்தேன், திருமதி வீகாண்ட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்போதே சரி சொல்லிவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். காலையில் பால்கனியில் வெயில் வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ரயிலில் நடந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிளாட்பாரத்துக்கு வெளியே, ரோட்டோரம் ஃபோல்கர் அந்த நீளச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தான். தனி ஆளாகத் திருப்புவது லேசு இல்லை. ஒரு கம்பத்தில் இடித்து, பின்னால் வந்து, மறுபடி திருப்பினான். ஏறி உட்கார்ந்தான். இரண்டு பேர் ஓட்டும் வண்டியில் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவரைக் கேட்காமல் பெடலை அழுத்தக் கூடாது. பழக்கம்தான். அவன் தலை பாதி திரும்பியது, உதடு அசைந்தது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் என்ன கேட்டான் என்று தெரியும். தயாரா?

பதில் வராமல் அவன் கிளம்பவில்லை. ஒரு காலை ஊன்றியபடியே நின்றான். ரயில் நகர ஆரம்பித்தது.

"ம்" என்றேன்.

எதிர் சீட்டில் இருந்தவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "என்ன சொன்னீங்க?" என்றார்.