உருக்கிய பொன்

பாலேஸ்வரிக்குக் கலியாணம் ஆகிவிட்டதா, இல்லையா? கரவெட்டியில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். அவளிடம்தான் இல்லை.

நாற்பத்தோராம் ஆண்டு கார்த்திகையில், மலாயா உத்தியோகத்திலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளை சபாநாதன் வீட்டில் பொன்னுருக்கினார்கள். தாலிக்கான பொன் உருகிவிட்டால் பேச்சு மாறக்கூடாது. தாலி ஏறும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கவும் கூடாது. இவள் அதற்கு முன்பும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் மலாயாவிலிருந்து தந்தி வந்தது: லீவு ரத்து, உடனே வரவும். நல்ல நாள் பார்த்துக் கப்பல் நிற்குமா? போனார். சில வாரத்தில் அங்கே யப்பான்காரன் குண்டு போட்டான். கடிதம் நின்று மூன்று வருடம்.

இப்போது யாழ்ப்பாணத்துக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவருக்குப் பெண் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும்.

"தாலி ஏறேல்லை. நீ குமர்தான்," என்றார் தகப்பன் முருகேசு.

"பொன்னுருக்கினது உருக்கினதுதானே," என்று தாய் மூக்கைச் சிந்தினாள். சபாநாதனின் தாயோ வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு, மருமகளுக்கென்று சொல்லிப் பலகாரம் அனுப்பினாள். முகமே தெரியாத ஒருவருக்காகக் காத்திருப்பதற்கு என்ன பெயர்? விசுவாசமா, விசரா? பாவம், அவளுக்குத் தலை சுற்றியது.

வியாழக்கிழமை, தோட்டுச் சுரை கழன்றுவிட்டதென்று வீட்டில் சொல்லி, தம்பிஐயாப் பத்தரின் பட்டறைக்குப் போனாள். அன்று பொன் உருக்கியவர் அவர்தான்.

"அந்தத் தாலி என்னவாச்சுது?" என்று கேட்டாள்.

பத்தர் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புத் துணியை அவிழ்த்தார். தாலி இல்லை. உருக்கிய பொன் அப்படியே கட்டியாய்க் கிடந்தது.

"ஏன் செய்யேல்லை?"

"சபாநாதன் தம்பி கப்பலுக்குப் போற அண்டு இஞ்சை வந்தவர், பிள்ளை. 'நான் திரும்பி வந்தாப் பிறகு செய்யுங்கோ. நான் வராட்டி, தாலியைக் காட்டியே அந்தப் பிள்ளையை மறிச்சுப்போடுவினம்' எண்டு சொன்னவர்."

"இதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே. ஐயரையும் சாத்திரியையும்தானே கேட்டவை."

சபாநாதன் அவளை விடுவித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இனி அவளை யாரும் மறிக்க முடியாது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், வந்தது அழுகை. ஊர் கட்டிவைத்த மாப்பிள்ளைக்காக மூன்று வருடம் வராத அழுகை, அவிழ்த்துவிட்டுப் போனவருக்காக வந்தது. இதென்ன கூத்தென்று அவளுக்கே விளங்கவில்லை.

பத்தர் சங்கடப்பட்டுத் துணியை மடித்தார். "இதை அவையின்ரை வீட்டிலை குடுத்துவிடட்டோ?"

"வேண்டாம். செய்யுங்கோ."

"தாலியோ?"

"ஓம்," என்றாள் பாலேஸ்வரி. "ஆறுதலாச் செய்யுங்கோ, அவசரமில்லை. அவர் வரேக்கை இருந்தாச் சரி."