நாற்பது மைலில் வரும் உதறல்

1

இதை எனக்குச் சொன்னவர் நாகல் நகரில் கார் ஒர்க்ஷாப் வைத்திருந்த அருள்நாதன். 1962இல் தான் செய்த ஒரு தவறை, வேறு யாரோ செய்ததுபோல் சொன்னார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதிய வரி: 'தோல் வியாபாரி அப்துல் சுக்கூரின் பழைய கார், கோபம் வந்த குதிரையைப்போல...' வேண்டாம். கார், காராகவே இருக்கட்டும். நாற்பது மைல் வேகத்தில் உதறும். முப்பதுக்கு இறங்கினால் அடங்கிவிடும்.

2

டிரைவர் சூசைமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது.

"வண்டி உதறல சூசை, உன் கைதான் உதறுது. போதும், வீட்ல இரு," என்று அப்துல் சுக்கூர் அனுப்பிவிட்டார்.

(அவரைக் கெட்டவராக்கி ஒரு பக்கம் எழுதினேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன்.)

புது டிரைவர் ஓட்டியும் உதறியது. கார் அருள்நாதனிடம் வந்தது.

3

ரெட்டியார்சத்திரம் சாலையில் நாற்பதில் ஓட்டி, நியூட்ரலில் தள்ளி, இன்ஜினை அணைத்தார். உதறல் நிற்கவில்லை. ஆக, இன்ஜின் இல்லை. சக்கரங்களை மாற்றினார். அதுவும் இல்லை.

காருக்கு அடியில் படுத்தார். கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டின் இரண்டு முனைகளும் ஒரே நேராக நிற்க வேண்டும். ஒன்று சற்றுத் திரும்பியிருந்தது. தண்டின் இணைப்பில் உள்ள பற்களில் யாரோ ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள்.

யாரோ இல்லை. மூன்று மாதம் முன்பு அதைக் கழற்றி மாட்டியவர் அவரேதான்.

அந்த நொடியில் அவருக்கு உலகமே... (அடித்துவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "செத்த நேரம் அடியிலேயே கெடந்தேன்.")

4

சரிசெய்யப் பத்து நிமிடம். 'ஜாயிண்ட் தேஞ்சுபோச்சு பாய்' என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அப்படியும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஆனால் அவர் உள்ளதைச் சொன்னார். அப்துல் சுக்கூர், "சூசையக் கூட்டியா," என்றார்.

அருள்நாதன் அகரத்தில் சூசைமுத்துவின் வீட்டுக்குப் போனார். மனைவி லூர்தம்மாள் காபி கொடுத்தாள். சூசைமுத்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் தளும்பியது.

"எப்ப இருந்துண்ணே இப்படி?"

"மொதலாளி சொன்னதுல இருந்துதாம்ப்பா."

"கை இல்லண்ணே. நான்தான் வண்டியில தப்பா மாட்டிட்டேன். பாய் உங்கள வரச் சொல்றாரு."

லூர்தம்மாள் உள்ளே போய்ச் சட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் சூசைமுத்து சட்டையைப் போட்டுக்கொள்கிறார். பொத்தான் மாட்டத்தான் நேரமாகிறது. மற்றதில், "வண்டிய சரியாக்கிட்ட. இத?" என்று கையை நீட்டுகிறார்.

எது நடந்தது என்று அருள்நாதனிடம் கேட்டால் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. லூர்தம்மாள் சட்டையோடு நிற்கிறாள். சூசைமுத்து வாங்கினாரா? நீங்கள் சொல்லுங்கள்.