மாடி வீட்டில் என் கோபம்

வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டிய மூன்றாம் வாரம், என் கோபம் மாடி வீட்டு தேவசகாயத்திடம் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

அவர் தண்ணீர் லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். குரல் அவருடையது. கோபம் என்னுடையது. நாற்பது வருடம் வைத்திருந்தவனுக்கு அடையாளம் தெரியாதா?

என் மனைவி பூங்கோதை ஜன்னலோரம் நின்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல்தான் சந்தேகம்.

"நீதானே குடுத்தே?"

"எதை?"

அந்தச் சொல்லைத் தேடினேன். கிடைக்க இரண்டு நாள் ஆனது.

"கோபத்தை," என்றேன், புதன்கிழமை. அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வலிப்பு நின்னுச்சுல்ல, அதைப் பாருங்க."

அது பதில் இல்லை.

கோபத்தைத் திரும்பக் கேட்டு மருத்துவமனைக்குப் போனேன். பதினேழாம் ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். நான் நடக்க நடக்க வராந்தா நீண்டது. ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோபத்துக்கு என்ன அடையாளம்?"

"மூக்கு நுனியிலயே இருக்கும். சட்டுனு இறங்கிடும்."

"அதோட வலிப்பும் வரும். ரெண்டும் ஒரே பை. பிரிச்சுத் தர மாட்டோம்."

"பரவாயில்ல."

"கடைசியா விழுந்தப்போ கையில குடுத்த சாவி இருக்கா?"

இருந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு பழக்கடைக்காரர் என் கையில் திணித்தது. இரும்பால் வலிப்பு நிற்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அதை அவர்கிட்ட காட்டுங்க. பை உங்களுக்கு வந்துடும்."

மாடி ஏறினேன். தேவசகாயம் கதவைத் திறந்தார்.

"என்னய்யா வேணும்?" என்றவர் அப்படியே சரிந்தார். கை கால் வெட்டி இழுத்தது. ஒரே பை அல்லவா.

சாவியைக் காட்டினால் போதும். நான் மறுபடியும் கத்தலாம். பூங்கோதை ஜன்னலோரம் நிற்க வேண்டியதில்லை.

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பிறகு என் கை, என்னைக் கேட்காமலேயே, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடியது. விரல்கள் இறுகிக்கொண்டன.

வலிப்பு நின்றதும் அவர் எழுந்தார். சாவியைப் பார்த்தார். "இனிமே இது என்னோடது," என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை.

கீழே பூங்கோதை மாத்திரையும் தண்ணீருமாக நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரே ஒரு தடவை என்னைத் திட்டுங்களேன்," என்றாள்.

வாயைத் திறந்தேன். மாத்திரையை உள்ளே போட்டாள்.