நாற்பத்தெட்டு மணி நேரம்

பெரில் குளியலறைத் தரையைத் துடைத்து முடிப்பதற்குள் கணவர் டெரிக் மறுபடியும் வாந்தி எடுத்தார். ராத்திரியிலிருந்து நாலாவது தடவை. சுற்றுலாக் கப்பல் எஸ்டோனியாவின் தாலின் துறைமுகத்தை ஒட்டி நின்றுவிட்டிருந்தது. ஜன்னலில் கோட்டைச் சுவரும் தேவாலயக் கூம்பும் தெரிந்தன.

"டாக்டரைக் கூப்பிடேன்."

"கூப்பிட்டா? வயித்துக் கிருமின்னு நம்ம ரெண்டு பேரையும் நாப்பத்தெட்டு மணி நேரம் அறைக்குள்ள பூட்டிடுவான். அஞ்சாம் மாடிக்காரிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தல்ல? வாசல்ல காஞ்ச ரொட்டி வெச்சுட்டு ஓடுறாங்க."

"தோளும் வலிக்குது, பெரில்."

"கோணிக்கிட்டுத் தூங்கினா வலிக்காதா? சரக்குக் கப்பல்ல இருந்தப்போ இந்த ஊருக்கு எத்தனை தடவை வந்திருப்ப? நான் ஊர்ல, கிரிம்ஸ்பியில, உன் சட்டையைத் தோச்சுக்கிட்டுக் கிடந்தேன். இன்னைக்கு ஒரு நாள், எனக்காக."

டெரிக் லேசாகச் சிரித்தார். "ஆகட்டும் மகாராணி."

முகம் சாம்பலாக இருந்தது. இறங்கும் வழியில் நிற்கும் கப்பல்காரர்கள் சந்தேகப்படுவார்களே என்று தன் கன்னச் சிவப்புப் பூச்சை எடுத்து அவர் கன்னங்களில் தடவிவிட்டாள்.

"சர்க்கஸ்காரன் ஆக்கிட்டியே."

"பேசாம வா."

கப்பல் அட்டையைக் காட்டி இறங்கினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உருளைக்கல் பாவிய தெருவில் பாதி ஏற்றம்கூட ஏறவில்லை. "அந்தக் கோபுரத்துக்குப் பின்னால ஒரு ரொட்டிக்கடை..." என்றவர் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். அதன் விரல் நுனியில் கன்னச் சிவப்பு ஒட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாரடைப்பு. காப்பாத்த முடியல. எப்பலேர்ந்து முடியாம இருந்தார்?"

"இன்னைக்குக் காலையில நல்லாத்தான் இருந்தார்."

"வாந்தி, தோள்வலி ஏதாவது?"

"இல்ல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள்.

மகள் லின் ஊரிலிருந்து போனில் அழுதாள். "கப்பல்ல டாக்டர் இருப்பாரேம்மா! அவர்கிட்ட காட்டலையா?"

"எங்கடி நேரம் இருந்துச்சு? பேசிட்டே இருந்தார், அப்படியே போயிட்டார்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தைகூடவா சொல்லல?"

பெரில் சுவரைப் பார்த்தாள். "உங்கப்பா என்னைக்குடி சொல்லியிருக்கார்?"



கப்பல் யாருக்காகவும் நிற்காது. ஐந்து மணிக்கு அவள் டாக்சியில் திரும்பியபோது ஏறுபாலத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததும் அறைப் பணியாளர் கட்டிக்கொடுத்த இரண்டு பெட்டிகளும் துறைமுகத் தரையில் நின்றன. துறைமுகக்காரர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டையும் இழுத்துக்கொண்டு கப்பலை ஒட்டிய கரையோரமாக நடந்தாள்.

கப்பலின் மேல்தளத்தில் பயணிகள் கூட்டம் கூடியிருந்தது. நேரம் தவறி ஓடிவருகிறவர்களைக் கைதட்டிக் கேலி செய்வது ஒவ்வொரு துறைமுகத்திலும் நடக்கிற வேடிக்கைதான்.

"ஓடு பாட்டி, ஓடு!"

"கிழவனை எங்க விட்டுட்ட?"

யாரோ விசிலடித்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் விரிந்தது.

பெரில் நின்றாள். பெட்டிகளை விட்டுவிட்டு, அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.