மூன்றாவது லேயரில் ஒட்டிய பெயர்

மைத்ரேயி திருவெறும்பூரில் ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். அந்தத் திங்கட்கிழமை, புது டிசைனில் 'ரீசெட்' என்ற லேபிள் மட்டும் சரியாக நிற்கவில்லை. அது சிப்பின் இரண்டாவது உலோக லேயரில், அதாவது அடுக்கில், ஓடும் கம்பியின் பெயர். லேபிள்களை வரிசைப்படுத்த அவள் எழுதியிருந்த ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை ஓட்டியதும், அந்தப் பெயர் மூன்றாவது லேயர் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது.

நான்கு முறை ஓட்டிப் பார்த்த பிறகு புரிந்தது. ஒரு கம்பிக்கு மேல் இன்னொன்று கடக்கும் இடத்துக்கு லேபிள் நகர்ந்தால், மென்பொருள் அதை மேல் லேயருக்குக் கொடுத்துவிடுகிறது. எச்சரிக்கைகூடக் கிடையாது.

இதே ஸ்கிரிப்டை ஓட்டி மார்ச்சில் தயாரிப்புக்கு அனுப்பிய சிப்பின் ஃபைலைத் திறந்தாள். அதிலும் அப்படியே இருந்தது. பெயரை நம்பி வெளிக்கம்பியைத் தவறான இடத்தில் இணைத்திருந்தார்கள். தயாராகி வந்த சிப்புகளில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அனுப்பலாம் என்று கடைசிக் கையெழுத்துப் போட்ட சக பொறியாளர் அருள்ராஜின் வேலை போயிற்று.

இணைப்புகளைச் சரிபார்க்கும் செக்கை மறுபடி ஓட்டப் போன அவனை அன்று தடுத்தவள் அவள்தான். "பேரைத்தான் நகர்த்தினேன் அருள், கம்பியைத் தொடவே இல்ல. அனுப்பிடுங்க."

மேலாளர் ஸ்ரீனிவாசராகவனிடம் போய்ச் சொன்னாள்.

"முடிஞ்சுபோன விஷயம்மா. அருள்ராஜோட தப்புன்னு கஸ்டமருக்கு எழுதிக் கொடுத்தாச்சு. ஸ்கிரிப்டைச் சரிபண்ணுங்க, போதும்."

சரிசெய்தாள். பிறகு நடந்ததையெல்லாம் எழுதி இயக்குநர்களுக்கு மெயில் அனுப்பினாள். மாலையில் பஸ் பிடித்துக் காட்டூரில் அருள்ராஜின் வீட்டுக்குப் போனாள். அவள் சொன்னதையெல்லாம் அவன் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டான்.

"செக் ஓட்டாம அனுப்பினது நான்தானே," என்றான். "நீங்க சொன்னீங்கன்னு விசாரணையில நான் வாயே திறக்கல."

"ஏன் அருள்?"

"சொன்னா? ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஆறு இன்டர்வியூ போயிட்டேன். எல்லாரும் அந்தச் சிப்பைத்தான் கேக்கறாங்க."

உள்ளேயிருந்து யாரென்று ஒரு குரல் கேட்டது. அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"அம்மாகிட்ட வீட்லேர்ந்து வேலை பாக்கறேன்னு சொல்லியிருக்கேன். இனிமே இங்க வராதீங்க."

வெள்ளிக்கிழமை அவளைப் பணிநீக்கம் செய்து கடிதம் வந்தது. அருள்ராஜைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டில் உட்கார்ந்து, இயக்குநர்களுக்குத் தான் எழுதிய மெயிலை வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினாள். 'இன்டர்வியூவில் காட்டுங்கள்' என்று சேர்த்திருந்தாள்.

அவன் படித்துவிட்டான் என்று போன் காட்டியது.