ஹெட்டி சாத்திய கேட்

இங்கிரிட் வீட்டில் கோழிகூட வாயைக் கழுவிவிட்டுத்தான் கொக்கரிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. ஹெட்டி, ஓட்டோ என்று இரண்டு பிள்ளைகள். இரண்டுமே பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சமையலறை மேசைதான் வகுப்பு, அம்மா இங்கிரிட்தான் டீச்சர், ஆட்டு மந்தைதான் சக மாணவர்கள்.

கணக்கு, வாசிப்பு எல்லாம் அந்த வீட்டில் இரண்டாம்பட்சம். முதல் பாடம் பழக்கம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு பழக்கம். அது உடம்பில் ஊறும்வரை அடுத்தது கிடையாது. போன குளிர்காலத்தில், சிலந்தி இருக்கும் என்பதால் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் காலை விடுவது. ஐந்து வயது ஓட்டோ அதில் அப்படித் தேறிவிட்டான், தொப்பியைத் தட்டினான், தலையணையைத் தட்டினான், ஒருநாள் பூனையையும் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான். பூனையிலிருந்து சிலந்தி எதுவும் விழவில்லை.

நான் மெர்வ். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாவின் மலைச்சாலைகளில் ஆயுள் முழுக்க மரம் ஏற்றும் லாரி ஓட்டிவிட்டு, இப்போது அவர்கள் பண்ணை ஓரத்தில், பழம் பறிக்க வருகிறவர்கள் தங்கும் தகர வீட்டில் குடியிருக்கிறேன். ஒருமுறை நான் ஏற்றிய மரத்தின் நுனி ஹோபார்ட்டைத் தொட்டபோது அதன் அடி இருநூறு கிலோமீட்டர் பின்னால் லான்செஸ்டனை இன்னும் தாண்டவில்லை. இதைச் சொன்னால் இங்கிரிட்டின் கணவன் ஃபெர்கஸ் விடமாட்டான்.

"பெரிசு, போன வாரம் அந்த மரம் இதைவிடக் குட்டையால்ல இருந்துச்சு?"

"மரம்னா வளராதாய்யா?"

பிள்ளைகள் சிரித்து உருளும். இங்கிரிட் முகத்தை மட்டும் சிரிக்கவிடாமல் பிடித்துவைத்திருப்பாள்.

இந்தக் கோடையில் ஹெட்டியின் பழக்கம், கேட். கடந்தால் சாத்த வேண்டும், சங்கிலியைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஆட்டுப் பண்ணையில் இதைவிடப் பெரிய படிப்பு இல்லை. தொடக்கத்தில் அவள் ஒவ்வொரு கேட்டிலும் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, பூஜை செய்வதுபோல் சங்கிலியை மாட்டுவாள். இங்கிரிட் சொல்வாள்: "கை செஞ்சு முடிச்ச பெறகுதான் தலைக்குத் தகவல் போகணும். அப்பதான் அது பழக்கம்." பிப்ரவரி பிறந்தபோது ஹெட்டியின் தலைக்குத் தகவலே போவதில்லை. வாயில் பாட்டு, கண் எங்கோ, கை மட்டும் சங்கிலியை மாட்டிவிட்டு வந்து சேரும்.

அதற்குப் பரிசாக ஃபெர்கஸ் ஒன்று சொல்லியிருந்தான். வருகிற சனிக்கிழமை அவள் தன் மட்டக்குதிரையில், கூட யாரும் இல்லாமல், ஆற்றங்கரை அடைப்புவரை போய்வரலாம். நடுவில் நிறைய கேட்டுகள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது ராஜ்யம் கிடைத்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ப்ளாக்பெர்ரி பறிக்கப் போனேன். இந்த வருடம் பழம் ஒவ்வொன்றும் முட்டை அளவு. சரி, புறா முட்டை. நல்ல பழமெல்லாம் கிடா அடைப்பின் ஓடைக்கரையில்தான் இருந்தது. கிடாவின் பெயர் பிஷப். முகம் பாதிரியார் மாதிரி, நடத்தை வேறு. அதன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஹெட்டியின் வேலை. நான் போனபோது அவள் ஊற்றிவிட்டுப் போய்விட்டிருந்தாள். கேட் சாத்தி, கொக்கி மாட்டியிருந்தது. திறந்து உள்ளே போனேன். திரும்பி வரும்போது என் இரண்டு கையிலும் நிறைந்த வாளிகள். வீட்டில் வைத்துவிட்டு வந்து சாத்தலாம் என்று போனேன். அப்புறம் சர்க்கரையைத் தேடினேன், அடுப்பை மூட்டினேன், ஜாம் கொதித்தது. ருசி பார்ப்பதில் மும்முரமாகிவிட்டேன்.

காலையில் தேநீருக்கு அவர்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஹெட்டி பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள். ஃபெர்கஸ் பூட்ஸோடு உள்ளே வந்தான். அந்த வீட்டில் பூட்ஸோடு உள்ளே வருவது கொலைக்கு அடுத்த குற்றம். இங்கிரிட் பூட்ஸைப் பார்க்கவே இல்லை, அவன் முகம் அப்படி.

"பிஷப் பெட்டைங்க நடுவுல நிக்குது. ராத்திரி முழுக்க நின்னிருக்கு. கேட்டு ஆன்னு தெறந்து கெடக்கு."

பிப்ரவரியில் கிடா சேர்ந்தால் ஜூலையில் குட்டி. இங்கே ஜூலை நடுக்குளிர்காலம், புல்லே விறைத்து நிற்கும். ஈரத்தோடு விழுகிற குட்டி என்ன செய்யும்? மேசையில் எல்லாருக்கும் அது தெரியும், ஓட்டோவுக்குக்கூட.

"ஹெட்டி, நேத்து நீதானே தண்ணி ஊத்தின?"

"ஆமாப்பா."

"சாத்தினியா?"

அவள் யோசித்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நிஜமாகவே யோசித்தாள். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஞாபகம் இல்லப்பா."

எப்படி இருக்கும்? தலைக்குத் தகவல் போகாமல் செய்யத்தானே அத்தனை நாள் பழகினாள்? சாத்தியிருந்தாலும் அவளுக்குத் தெரியாது.

"ஞாபகம் இல்லன்னா சாத்தலன்னுதான் அர்த்தம்," என்றான் ஃபெர்கஸ். "சனிக்கிழமைய மறந்துடு."

"ஃபெர்கஸ்..." என்றாள் இங்கிரிட்.

"வேற யாரு போனா அங்க? பேயா?"

லாரி எஞ்சினைவிட உரக்கப் பேசுகிற என் வாயில் கொழுக்கட்டை. தேநீரை ஊதினேன். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

அன்று முழுக்க எனக்கு நானே சாக்குகளைச் சமைத்தேன். ஃபெர்கஸின் கோபம் தணியட்டும் என்றேன். சாயங்காலம் சொல்லலாம் என்றேன். பிள்ளைகளுக்கு இதெல்லாம் மறந்துபோகும் என்றும் சொல்லிக்கொண்டேன். அதைவிடப் பெரிய புளுகை நான் ஹோபார்ட் மரத்தைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை. வியாழக்கிழமை ஹெட்டி உள்ளே வந்து முட்டை கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கோழி அடைப்பின் கேட்டைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனவள் நின்றாள், திரும்பி வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள், போனாள், மறுபடி வந்தாள். பிறகு என் கதவுக்கே வந்துவிட்டாள்.

"மெர்வ், நான் உள்ள வரும்போது கதவத் தட்டினேனா?"

"தட்டின, கண்ணு."

"நெஜமா? எனக்கு ஞாபகமே இல்ல. அடுப்ப அணைச்சேனா, பல் வெளக்கினேனா, எதுவும் ஞாபகம் இல்ல. என் தலையில ஓட்டை இருக்குன்னு நெனைக்கிறேன்."

ஜாம் பாட்டில்கள் என் அலமாரியில் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று மத்தியானமே ஓடினேன்.

குடும்பம் மொத்தமும் சாப்பாட்டு மேசையில் இருந்தது. என் கஷ்டகாலம், நான் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன்.

"கேளுங்க! கேட்டத் தெறந்துவிட்ட பாவி நான்தான். ரெண்டு கையிலயும் அண்டா அண்டாவா பழம். குதிரை உசரத்துக்கு ஒரு வாலபி, அந்தக் குட்டை ஜாதிக் கங்காரு, எதுக்க வந்து நிக்குது. வாளியப் பிடுங்கப் பாக்குது. நான் விடுவேனா? காலால கேட்ட ஒரு தள்ளு. அது சாத்துச்சான்னு திரும்பிப் பாத்தா, மின்னல் வெட்டி கண்ணே..."

ஃபெர்கஸ் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தான். "யோவ் பெரிசு, மழையே இல்லாத வாரத்துல மின்னலா?"

இங்கிரிட்டின் கண் கலங்கியது. என் தோளைத் தொட்டாள். "நல்ல மனசு மெர்வ் உங்களுக்கு. ஆனா அவ தப்ப அவதான் சொமக்கணும். அதுவும் ஒரு பழக்கம்."

"இல்ல, நெஜமாவே நான்..."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க, மெர்வ்," என்றாள் ஹெட்டி. கோபமில்லாமல்தான் சொன்னாள். அண்டப்புளுகனுக்கு ஆண்டவன் வைக்கிற பொறி இப்படித்தான் இருக்கும் போல. உண்மையைச் சொன்னேன், அதற்கு நல்லவன் என்ற பட்டத்தோடு வீடு திரும்பினேன். அன்று என் ஜாமை என்னால் தொட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், பாடம் நடக்கும் நேரத்தில் மறுபடி போனேன். ஃபெர்கஸ் வாசலில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அவனையும் உள்ளே கூப்பிட்டேன். உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் கிடா அடைப்புக்குப் போனேன். கேட்டு சாத்தியிருந்துச்சு. கொக்கி மாட்டியிருந்துச்சு. நான்தான் தெறந்தேன். வரும்போது சாத்தல. வந்து சாத்தலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

இங்கிரிட் என்னையே பார்த்தாள்.

"வாலபி?"

"வாலபி இல்ல."

"மின்னல்?"

"இல்ல. பழம்தான் இருந்துச்சு. ரெண்டு வாளி."

"ஃபெர்கஸ்," என்றாள் இங்கிரிட் மெதுவாக, "இவரு இவ்வளவு சப்புன்னு பேசி நான் கேட்டதே இல்ல. இது நடந்திருக்கு."

ஃபெர்கஸ் என்னை ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத முடியாது, எனக்கு அது போதவும் இல்லை. பிறகு மகள் பக்கம் குனிந்தான். "அப்பா தப்பாச் சொல்லிட்டேன்டா. மன்னிச்சுக்கோ. நாளைக்கு ஆத்தங்கரைக்குப் போ."

ஹெட்டி அவனைக் கவனிக்கவே இல்லை.

"அப்ப நான் சாத்தியிருந்தேனா?"

"சாத்தியிருந்த, கண்ணு. அழகா மாட்டியிருந்த."

"எனக்கே தெரியாம?"

"உனக்கே தெரியாம."

அவள் முகம் மலர்ந்தது. ஓட்டோவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னவோ கணக்குப் போட்டதுபோல் நெற்றி சுருங்கியது.

"நான் கதவத் தட்டினேனான்னு கேட்டேன்ல, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு ஆயிரம் பதில் வரும். தொப்பியை மேசையில் வைத்தேன்.

"தெரியும்."

"ஓ," என்றாள். பெருக்கலுக்குத் திரும்பிவிட்டாள். இங்கிரிட் வெளுத்த முகத்தோடு மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேசை. "நானும் அன்னைக்கே மெர்வ்கிட்ட கேட்டிருக்கணும்," என்று துணியிடம் சொன்னாள்.

சனிக்கிழமை அவள் கிளம்பியபோது முதல் கேட்டருகே நின்றிருந்தேன். மட்டக்குதிரையை நடத்திக் கடந்தாள், கேட்டை இழுத்தாள், சங்கிலி கொக்கியில் ணங்கென்று விழுந்தது. ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனவள் கடிவாளத்தை இழுத்து நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"சாத்திட்ட, கண்ணு!" என்று கத்தினேன். "நான் பாத்தேன், மாட்டியிருக்கு! போ!"

ஹெட்டி என்னைப் பார்த்தாள். பிறகு குதிரையிலிருந்து இறங்கி, அவ்வளவு தூரமும் நடந்து வந்து, சங்கிலியைத் தன் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.